பிரவுசர் தேர்வு: பெயருக்கு முன் பதிப்பு எண்

2023 செப்டம்பர் 11 அன்று குரோமுக்கு ஓர் அவசரத் திருத்தம் வந்தது. பிழை இருந்த இடம், வெப்பி வகைப் படங்களை விரித்துக் காட்டும் லிப்வெப்பி என்ற சிறிய நிரல் தொகுப்பு. படம் எப்படிச் சுருக்கப்பட்டது என்பதைச் சொல்லும் ஹஃப்மன் அட்டவணை அந்தப் படக்கோப்புக்குள்ளேயே வரும். அட்டவணையை விரிக்க அதிகபட்சம் எவ்வளவு நினைவகம் ஆகும் என்று நிரல் முன்கூட்டியே கணக்குப் போட்டு இடம் ஒதுக்கும். அந்தக் கணக்கை மீறும்படி வேண்டுமென்றே செதுக்கிய அட்டவணையைக் கொடுத்தால், ஒதுக்கிய இடம் தீர்ந்த பிறகும் நிரல் எழுதிக்கொண்டே போய், பக்கத்து நினைவகத்தை நாசம் செய்யும். பயனர் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். அந்தப் படம் உள்ள பக்கத்தைத் திறந்தாலே போதும்.

ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. மறுநாளே ஃபயர்பாக்ஸ் 117.0.1 வெளியானது. எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி என்று ஒவ்வொன்றாகத் திருத்தம் வெளியிட்டன. எல்லாரும் ஒரே லிப்வெப்பியைத்தான் உள்ளே வைத்திருந்தார்கள்.

அந்த வாரத்தில் "குரோம் நல்லதா, ஃபயர்பாக்ஸ் நல்லதா" என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. குரோமில் பதிப்பு எண் 116.0.5845.187 ஆக இருந்தவர் தப்பித்தார். கடைசி மூன்று இலக்கம் அதற்குக் கீழே இருந்தவருக்குக் கதவு திறந்து கிடந்தது. இந்தக் கட்டுரை பிரவுசர் தேர்வை அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

பலகை பத்து, சமையல்கட்டு மூன்று

ஒரு தெருவில் பத்து ஹோட்டல் பலகை தொங்கினாலும் பின்னால் சமையல்கட்டு மூன்றுதான் என்றால் எப்படி இருக்கும்? பிரவுசர் சந்தை அப்படித்தான் இருக்கிறது. பக்கத்தை வாசித்துத் திரையில் வரையும் எஞ்சின் இன்று மூன்றுதான் பெரிய அளவில் புழக்கத்தில் இருக்கிறது. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியத்தின் பிளிங்க் எஞ்சின் மேல் ஓடுபவை. ஃபயர்பாக்ஸும் அதிலிருந்து உருவான டோர் பிரவுசர், முல்வாட் பிரவுசர், லிப்ரேவுல்ஃப் ஆகியவையும் மொஸில்லாவின் கெக்கோ. சஃபாரி, ஆப்பிளின் வெப்கிட்.

பிளிங்கே 2013 ஏப்ரலில் வெப்கிட்டிலிருந்து பிரிந்ததுதான். அதே ஆண்டு ஓபரா தன் சொந்த பிரெஸ்டோ எஞ்சினைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டும் 2020 ஜனவரியில் எட்ஜைக் குரோமியத்துக்கு மாற்றிவிட்டது. ஆகவே குரோமிலிருந்து பிரேவுக்கு மாறுகிறவர் விளம்பரத் தடுப்பையும் தனியுரிமை அமைப்புகளையும் மாற்றுகிறார், எஞ்சினை மாற்றவில்லை. குரோமியத்தில் ஓட்டை விழுந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் விழும்.

திருத்தம் வந்துசேரும் நேரம்

குரோமியம் திறந்த மூலநிரல். பிழையைச் சரிசெய்யும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் ஏறும். அது பயனரின் கணினிக்கு அப்டேட்டாக வந்துசேரச் சில நாள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் எவரும் அந்த வரிகளைப் படித்து, "இங்கே எதைச் சரிசெய்திருக்கிறார்கள், அப்படியென்றால் பழைய பதிப்பில் என்ன ஓட்டை?" என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம். இந்த இடைவெளி ஒரு காலத்தில் சராசரியாக 35 நாள் இருந்தது. கூகுள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்தம் தரத் தொடங்கியதும் 15 நாளாகக் குறைந்தது. 2023 ஆகஸ்டில் குரோம் 116 முதல் வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது.

குரோமியத்தை எடுத்துத் தன் பெயரில் தரும் நிறுவனத்துக்கு இதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது. கூகுளின் திருத்தத்தை எடுத்து, தன் சொந்த மாற்றங்களோடு பொருத்தி, சோதித்து வெளியிட வேண்டும். பெரிய குழு ஒன்றிரண்டு நாளில் முடிக்கும். நாலு பேர் ஓய்வு நேரத்தில் நடத்தும் திட்டம் எத்தனை நாள் எடுக்கும் என்பது அந்த நாலு பேரின் வேலைப்பளுவைப் பொறுத்தது. புதிதாக ஒரு பிரவுசரை யாராவது பரிந்துரைத்தால் அதன் வசதிப் பட்டியலைப் படிப்பதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள். வலது மேல்மூலை மெனுவில் 'ஹெல்ப்', அதற்குள் 'அபவுட்' பக்கத்தைத் திறந்தால் அது எந்தக் குரோமியம் பதிப்பின் மேல் நிற்கிறது என்று பெரும்பாலும் இருக்கும். அன்றைய குரோமின் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் எண் ஒன்று குறைந்திருப்பதில் உடனே பதற வேண்டாம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் நீண்ட கிளையும் உண்டு, அதற்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் தனியாக வரும். மூன்று, நான்கு குறைந்திருந்தால் அதைக் கழற்றிவிடலாம். இந்தச் சோதனையை மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை செய்தால் அந்தக் குழுவின் வேகம் தெரிந்துவிடும்.

அப்டேட் வந்தும் பயனில்லாமல் போவது இன்னும் சகஜம். பிரவுசர் பின்னணியில் புதிய பதிப்பை இறக்கி வைத்திருக்கும், ஆனால் மூடித் திறக்கும் வரை பழைய பதிப்புத்தான் ஓடிக்கொண்டிருக்கும். நாற்பது டேப் திறந்து வைத்து, லேப்டாப்பை மூடி மூடித் திறக்கும் பழக்கமுள்ளவர் ஒரு மாதம் அப்படியே ஓட்டுவார். குரோமின் மூலையில் இதற்கான அறிவிப்பு பச்சையில் தொடங்கி, நான்கு நாளில் ஆரஞ்சாகி, ஒரு வாரம் கடந்தால் சிவப்பாகும்படி வைத்திருந்ததே இதற்காகத்தான். 'ரீலாஞ்ச்' அழுத்தினால் டேப்கள் திரும்ப வரும். இன்காக்னிட்டோ டேப்களும், பாதி நிரப்பிய படிவங்களும் வராது. முதலில் படிவத்தை முடித்துவிடுங்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டம் பழையதாக இருந்தால் இந்த எண் ஓரிடத்தில் நின்றேவிடும். விண்டோஸ் 7, 8.1 இரண்டிலும் குரோம் 109-தான் கடைசி. ஆண்ட்ராய்டு 8, 9 ஃபோன்களுக்கு 138-தான் கடைசி. 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்தது என்றாலும், அதன் 22எச்2 பதிப்பில் எட்ஜுக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அடியில் உள்ள சிஸ்டம் திருத்தம் இல்லாமல் நிற்கும்போது மேலே பிரவுசர் மட்டும் புதிதாக இருப்பது அரைப் பாதுகாப்புத்தான், ஆனாலும் ஒன்றும் இல்லாததைவிட மேல்.

ஓட்டை விழுந்த பிறகு என்ன ஆகிறது

குரோமியத்தில் வரும் தீவிரமான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாளுவதால் வருபவை என்று 2020-இல் அந்தக் குழுவே கணக்குச் சொன்னது. அதை முழுதாக ஒழிக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, உடைந்தாலும் சேதம் பரவாமல் தடுப்பதுதான் சாண்ட்பாக்ஸ். பக்கத்தை வரையும் புராசஸுக்கு, அதாவது கணினியில் தனியாக ஓடும் நிரலுக்கு, உங்கள் கோப்புகளைத் தொடும் உரிமையே கிடையாது. 2018-இல் ஸ்பெக்டர் என்ற சிப் பலவீனம் வெளியானதும், ஒரே புராசஸுக்குள் இரண்டு தளங்கள் இருந்தால் ஒன்று மற்றதன் நினைவகத்தை எட்டிப்பார்க்கலாம் என்பது தெளிவானது. குரோம் 67 முதல் கணினியில் தளத்துக்குத் தளம் தனிப் புராசஸ் தந்தது. ஃபயர்பாக்ஸ் அதே ஏற்பாட்டை 2021-இல் கொண்டுவந்தது.

குரோம் நிறைய ரேம் தின்கிறது என்ற புலம்பலுக்கு ஒரு காரணம் இதுதான். அந்த ரேம் உங்கள் பேங்க் டேப்புக்கும் பக்கத்து டேப்புக்கும் நடுவே எழுப்பிய சுவரின் விலை. ஃபோனில் அந்த விலையை எல்லாராலும் கொடுக்க முடியாது. 2019-இல் ஆண்ட்ராய்டு குரோமுக்கு இந்த வசதி வந்தபோது, 2 ஜிபி ரேமாவது உள்ள ஃபோன்களில், அதுவும் பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கித்தான் கொடுத்தார்கள். விலை குறைந்த ஃபோன் வைத்திருப்பவருக்கு அதே பெயருள்ள பிரவுசரில் பாதுகாப்பும் குறைவு. இதை யாரும் பெட்டியில் அச்சிட்டு விற்பதில்லை.

ஃபோனைப் பற்றி இன்னும் இரண்டு. ஐபோனில் குரோம் போட்டாலும் ஃபயர்பாக்ஸ் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சின் ஐஓஎஸ் 17.4 முதலும், ஜப்பானில் 2025 டிசம்பரிலிருந்தும் வேறு எஞ்சினுக்கு வழி திறக்கப்பட்டது. இங்கே எஞ்சின் திருத்தம் ஐஓஎஸ் அப்டேட்டில்தான் வரும், ஆகவே ஐபோன்காரர் பிரவுசரை மாற்றுவதற்கு முன் செட்டிங்ஸில் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை ஆன் செய்வது முக்கியம். இரண்டாவது, சமூக ஊடக ஆப்புக்குள் லிங்கைத் தட்டினால் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பக்கம். அது உங்கள் பிரவுசர் இல்லை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் ஆகியவை அப்படித் திறக்கும் பக்கங்களுக்குள் தங்கள் ஜாவாஸ்கிரிப்டைச் செருகுவதை 2022-இல் ஓர் ஆய்வாளர் காட்டினார். பணமோ பாஸ்வேர்டோ கொடுக்க வேண்டிய பக்கம் என்றால் மூன்று புள்ளி மெனுவில் வெளிப் பிரவுசரில் திறக்கும் வழியைத் தேடி அங்கே போய்ச் செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன்: நீங்களே திறந்துவிடும் கதவு

எஞ்சினின் ஓட்டையைத் தேடிப் பிடிக்கப் பெரிய திறமை வேண்டும். பிரவுசரில் நாமே கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலான எக்ஸ்டென்ஷன் வழியாக வர அதெல்லாம் வேண்டாம். "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்ற அனுமதியைப் பெற்ற எக்ஸ்டென்ஷன், பேங்க் பக்கத்தில் உள்ள இருப்புத் தொகையையும் படிக்கும், மெயிலையும் படிக்கும். சாண்ட்பாக்ஸ் இதைத் தடுக்காது, ஏனென்றால் அனுமதி கொடுத்தது நீங்கள்.

2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனுக்கு நடந்ததைப் பாருங்கள். அதை உருவாக்கியவர்களுக்கு குரோம் வெப் ஸ்டோரிலிருந்து வருவதுபோல ஒரு மெயில் வந்தது: உங்கள் எக்ஸ்டென்ஷன் விதியை மீறுகிறது, நீக்கப்படும். லிங்கைத் தொடர்ந்தால் கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கமே திறந்தது. அங்கே ஓர் அந்நிய ஆப்புக்கு எக்ஸ்டென்ஷனை வெளியிடும் உரிமை கேட்கப்பட்டது. ஊழியர் ஒப்புதல் கொடுத்தார். பாஸ்வேர்டு திருடப்படவில்லை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறுக்கே வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று 24.10.4 என்ற எண்ணோடு விஷம் கலந்த பதிப்பு ஸ்டோரில் ஏறியது. தானாக அப்டேட் ஆகும் வசதியே அதைப் பயனர்களின் பிரவுசர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுமார் ஒரு நாள் அது உயிரோடு இருந்தது. அதே வலையில் இன்னும் பல எக்ஸ்டென்ஷன்கள் சிக்கியிருந்தது பிறகு தெரிந்தது. இன்னொரு வழி, விலைக்கு வாங்குவது. டேப்களைத் தூங்கவைக்கும் 'தி கிரேட் சஸ்பெண்டர்' 2020-இல் கை மாறியது. 2021 பிப்ரவரியில் தீநிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது.

செய்ய வேண்டியது எளிது. எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, கடந்த ஒரு மாதத்தில் பயன்படுத்தாததை எல்லாம் 'டிஸேபிள்' செய்வதோடு நிற்காமல் நீக்குங்கள். மிஞ்சியதில், எல்லாத் தளத்திலும் ஓடத் தேவையில்லாதவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து, தளத் தரவைப் படிக்கும் அனுமதியை 'வென் யூ கிளிக் தி எக்ஸ்டென்ஷன்' என்று மாற்றுங்கள். கூப்பன் தேடித் தருவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, நிறம் மாற்றுவது எல்லாம் இந்த வகை.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: விளம்பரத் தடுப்பான். தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக வரும் போலி டவுன்லோடு பக்கங்கள் பெரிய நோய்மூலம். அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தச் சொன்னது. இங்கேதான் பிரவுசர்களுக்கு இடையே உண்மையான வேறுபாடு தெரிகிறது. பழைய முறையில், ஒவ்வொரு கோரிக்கையும் வெளியே போகும் முன் எக்ஸ்டென்ஷன் அதைப் பார்த்து விடலாமா தடுக்கலாமா என்று அந்த நொடியில் முடிவு செய்யும். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய முறையில், எக்ஸ்டென்ஷன் முன்கூட்டியே விதிப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும், முடிவைப் பிரவுசர் எடுக்கும். குரோம் 2024-25-இல் பழைய முறையை மூடியதால், பலரும் பயன்படுத்தும் தடுப்பானான யூபிளாக் ஆரிஜின் அங்கே ஓடாது. யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற இளைத்த வடிவம்தான் ஓடும். ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது. பிரேவ் தடுப்பானைப் பிரவுசருக்குள்ளேயே வைத்திருப்பதால் இந்தச் சண்டை அதைத் தொடவில்லை.

இது பயனரின் பாதுகாப்புக்காக என்பது கூகுள் தரும் விளக்கம். பாதி உண்மை. தடுப்பான் இனி எல்லாக் கோரிக்கையையும் பார்க்கத் தேவையில்லை என்பது சரி. ஆனால் கெட்ட எண்ணமுள்ள எக்ஸ்டென்ஷன், அனுமதி வாங்கிப் பக்கத்துக்குள் தன் நிரலைச் செருகி எல்லாவற்றையும் படிக்கும் வழி வி3-யிலும் அப்படியே இருக்கிறது.

பாஸ்வேர்டும் குக்கியும்

ஓசியில் கிடைத்த கிராக் சாஃப்ட்வேரை ஓட்டியதும் உள்ளே வரும் திருட்டு நிரல் முதலில் போகும் இடம் பிரவுசரின் புரொஃபைல் ஃபோல்டர். விண்டோஸில் குரோம் வகைப் பிரவுசர்கள் பாஸ்வேர்டையும் குக்கியையும் பூட்டி வைத்தாலும், சாவி உங்கள் விண்டோஸ் லாகினோடு கட்டப்பட்டிருந்தது. அதே லாகினில் ஓடும் எந்த நிரலும் சாவியைக் கேட்கலாம். 2024 ஜூலையில் குரோம் 127, குக்கிகளுக்கு அந்தந்த ஆப்போடு கட்டிய பூட்டைக் கொண்டுவந்தது. சில மாதங்களிலேயே திருடர்கள் சுற்றுவழி கண்டார்கள். பூட்டு வீண் என்று சொல்ல முடியாது, திருட்டு இப்போது கூடுதல் சத்தம் போட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

பலருக்குப் புரியாதது குக்கியின் மதிப்பு. ஓடிபி கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு தளம் உங்களுக்கு ஒரு குக்கி தருகிறது; அடுத்த பக்கங்களில் அதைக் காட்டித்தான் நீங்கள் நீங்களே என்று நிரூபிக்கிறீர்கள். அதை நகலெடுத்தவன் வேறு கணினியில் வைத்தால் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. வேலை முடிந்ததும் டேப்பை மூடுவதோடு நிற்காமல் 'லாக்அவுட்' அழுத்த வேண்டும் என்பது இதனால்தான்: அந்தக் குக்கி பெரும்பாலும் சர்வர் பக்கத்திலேயே செல்லாததாகிவிடும்.

ஃபயர்பாக்ஸில் பாஸ்வேர்டு சேமிப்பவர் செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'யூஸ் எ பிரைமரி பாஸ்வேர்டு' என்பதை ஆன் செய்யவும். அது இல்லையென்றால், பூட்டும் சாவியும் அதே ஃபோல்டரில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஆன் செய்தால் சாவியே உங்கள் சொல்லால் பூட்டப்படும். மறந்துவிட்டால் சேமித்தது எல்லாம் போகும், மீட்க வழியில்லை.

பேங்குக்கு என்று தனிப் புரொஃபைல் ஒன்று, எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இல்லாமல் வைத்துக்கொள்வது நான் பார்த்தவரை செலவில்லாத நல்ல தற்காப்பு. குரோமிலும் எட்ஜிலும் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தட்டினால் புதிய புரொஃபைல் உருவாக்கலாம். குக்கி, எக்ஸ்டென்ஷன், ஹிஸ்டரி எல்லாம் தனித்தனி. ஒரே ஃபயர்பாக்ஸ் ஜன்னலில் இரண்டு மெயில் கணக்கைப் பிரித்து வைக்க வேண்டும் என்றால் மல்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் என்ற மொஸில்லாவின் எக்ஸ்டென்ஷன் உண்டு. அதற்கு ஈடானது குரோமில் இல்லை.

முகவரிப் பட்டை

பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று பத்துப் பதினைந்து வருடம் சொல்லிக் கொடுத்தோம். அது தவறான பாடம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் பூட்டு சொல்லும். மறுமுனையில் இருப்பவன் திருடனா என்று அதற்குத் தெரியாது. அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழ் திருடனுக்கும் இலவசமாகவே கிடைக்கும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2023 செப்டம்பரில் குரோம் 117 பூட்டை எடுத்துவிட்டு, அமைப்புகளைக் குறிக்கும் படத்தை வைத்தது.

மோசடித் தளங்களைக் காட்டிக்கொடுக்கும் கூகுள் சேஃப் பிரவுசிங் பட்டியல் பிரவுசரில் முன்பு 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. ஆனால் சராசரி மோசடித் தளம் பத்து நிமிடம்கூட உயிரோடு இருப்பதில்லை என்று கூகுள் சொல்கிறது. அதனால் 2024 மார்ச் முதல் குரோம் உடனுக்குடன் சரிபார்க்கிறது. முகவரியின் சுருக்கக் குறியீட்டில் ஒரு துண்டு மட்டும், இடையில் இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது. 'என்ஹான்ஸ்டு புரொடெக்ஷன்' போட்டால் கூடுதல் தகவல் கூகுளுக்குப் போகும், கூடுதல் காப்பும் கிடைக்கும். லிங்க் என்று கண்டதைத் தட்டிவிடும் உறவினரின் கணினியில் அதைப் போடுவேன். வழக்கறிஞர், பத்திரிகையாளரின் கணினியில் யோசிப்பேன்.

இந்தியப் பயனருக்கு நல்ல அடையாளம் ஒன்று வந்திருக்கிறது. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரிகளை ரிசர்வ் வங்கி நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடி மட்டுமே பதிவு செய்து தரும், வங்கி அல்லாதவர் வாங்க முடியாது. முகவரியின் கடைசிப் பகுதி அதுவாக இருக்க வேண்டும். நடுவில் அந்த எழுத்துகள் வந்தால் கணக்கில் இல்லை. இதை மனித கண்ணைவிடப் பாஸ்வேர்டு மேனேஜர் நன்றாகப் பார்க்கும். வழக்கமாகத் தானே நிரப்பும் மேனேஜர் ஒரு நாள் நிரப்ப மறுத்தால், கையால் தட்டச்சு செய்யாதீர்கள், முகவரியைப் பாருங்கள்.

சிரிலிக் எழுத்துகளை வைத்து ஆப்பிள் தளத்தின் முகவரிபோலவே ஒன்றை 2017-இல் ஓர் ஆய்வாளர் உருவாக்கிக் காட்டினார். ஃபயர்பாக்ஸில் இதற்கு மருந்தாக எல்லா அயல் எழுத்து முகவரிகளையும் குறியீடாகக் காட்டும் மறைவான அமைப்பு உண்டு. அதைப் போட்டால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் புரியாத எழுத்துக் குவியலாகிவிடும். அந்த விலையை நான் கொடுக்க மாட்டேன்.

யார் காசு

குரோமுக்கு விளம்பர வருமானம். எட்ஜுக்குப் பிங் தேடல். மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்புத் தேடலாக வைப்பதற்குக் கூகுள் தரும் பணம். போட்டியாளரின் காசில் வாழும் போட்டியாளர். பிரேவ் தன் சொந்த விளம்பரத்தை விற்கிறது. 2020-இல் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியைத் தட்டச்சு செய்தால் தன் பரிந்துரைக் குறியீட்டைச் சேர்த்து நிரப்பியது அம்பலமாகி, அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு காலத்தில் இந்திய ஃபோன்களில் கொடிகட்டிப் பறந்த யூசி பிரவுசர் தேடல் சொற்களைக்கூட மறையாக்கம் இல்லாமல் அனுப்புவதை 2015-இல் சிட்டிசன் லேப் காட்டியது. 2020 ஜூன் 29-இல் அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. பாதுகாக்கிறேன் என்று வருபவையும் விதிவிலக்கு இல்லை. பயனர்களின் பிரவுசிங் விவரத்தை விற்றதற்காக ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்டுக்கு 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ 2023-இல் வெளியிட்ட 'உலா' பிரவுசரும் குரோமியம்தான். மத்திய அரசு நடத்திய இந்தியப் பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் வென்றது. வேலை, குழந்தைகள், தனிப்பட்டது என்று தனித்தனி மோடுகள் உண்டு. பெயர் தமிழ் என்பதற்காகவோ நம்மூர் என்பதற்காகவோ விலக்கு வேண்டாம். மேலே சொன்ன பதிப்பு எண் சோதனை இதற்கும் உண்டு.

அந்தப் போட்டியில் இந்தியச் சான்றிதழ் ஆணையத்தின் மூலச் சான்றிதழை நம்பும் பிரவுசர் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பின்னணி தெரிந்தால் விஷயம் விளங்கும். 2014 ஜூலையில், அந்த ஆணையத்தின் கீழ் வரும் மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசியின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானது கண்டுபிடிக்கப்பட்டது. விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலைப் பயன்படுத்திய பிரவுசர்களுக்கு அது ஆபத்து. சொந்தப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸைத் தொடவில்லை. எந்தச் சான்றிதழை நம்புவது என்ற முடிவு பிரவுசர் செய்பவரின் கையில் இருக்கிறது. பயனர் அதைப் பார்ப்பதே இல்லை.

வசதிகளில் கவனிக்க வேண்டியவை

செங்குத்து டேப் எட்ஜ், பிரேவ், விவால்டியில் முன்பே உண்டு. ஃபயர்பாக்ஸில் 2025 மார்ச்சில் 136-வது பதிப்பில் வந்தது. தூங்கும் டேப் எல்லாரிடமும் இருக்கிறது. இவற்றுக்காகப் பிரவுசர் மாறத் தேவையில்லை. குரோமின் 'என்ஹான்ஸ்டு ஸ்பெல் செக்' மட்டும் அணைத்து வையுங்கள், நீங்கள் தட்டுவதை அது கூகுளுக்கு அனுப்புகிறது. இன்காக்னிட்டோ உங்கள் கணினியில் தடம் வைக்காது, அவ்வளவே. அந்த மோடில் சேர்த்த தரவுகளை அழிக்க 2024-இல் கூகுள் வழக்கில் சமரசம் செய்ய வேண்டியிருந்தது.

பழைய அலுவலகத் தளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கேட்டால் எட்ஜைத் தவிர வழியில்லை. செட்டிங்ஸில் 'டிஃபால்ட் பிரவுசர்' பக்கத்தில் ஐஇ மோடை அனுமதித்து, அந்த ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் பட்டியலில் சேருங்கள். ஒவ்வொரு பதிவும் 30 நாளில் காலாவதியாகும். "போன மாசம் வேலை செஞ்சது, இப்ப செய்யல" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முன்பு கருவிப்பட்டையிலேயே இதற்குப் பொத்தான் இருந்தது. ஆளை ஏமாற்றி ஐஇ மோடுக்கு மாறவைத்துத் தாக்கியது தெரிந்ததும் 2025-இல் மைக்ரோசாஃப்ட் சாதாரணப் பயனர்களுக்கு அதை எடுத்துவிட்டது.

2025-இல் வந்த ஏஐ பிரவுசர்கள் — பெர்ப்லெக்சிட்டியின் காமெட், ஓப்பன்ஏஐயின் அட்லஸ் — உங்களுக்காகப் பக்கத்தைப் படித்து, பொத்தானையும் அழுத்துபவை. சிக்கல் அடிப்படையிலேயே இருக்கிறது: படிக்க வேண்டிய செய்திக்கும் கீழ்ப்படிய வேண்டிய கட்டளைக்கும் வேறுபாடு மாடலுக்கு உறுதியாகத் தெரியாது. 2025 ஆகஸ்டில் பிரேவ் ஆய்வாளர்கள், ஒரு ரெடிட் பின்னூட்டத்தில் ஒளித்த வரிகளை வைத்துக் காமெட்டைப் பயனரின் மெயிலைத் திறந்து ஓடிபியை எடுத்துக் கொடுக்கவைக்க முடியும் என்று காட்டினார்கள். இவற்றைப் பயன்படுத்துவதானால் மெயிலிலோ பேங்கிலோ லாகின் செய்யாத புரொஃபைலில் மட்டும்.

மாறும் நாளில்

கணினியில் ஃபயர்பாக்ஸும் முழு யூபிளாக் ஆரிஜினும், பேங்குக்கு எக்ஸ்டென்ஷன் இல்லாத எட்ஜ் அல்லது குரோம் புரொஃபைலும்: பெரும்பாலான வீடுகளுக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்வேன். எக்ஸ்டென்ஷன் பற்றியே யோசிக்க விரும்பாதவருக்கு பிரேவ். ஆண்ட்ராய்டில் தடுப்பான் வேண்டும் என்றால் ஃபயர்பாக்ஸ், 2023 டிசம்பர் முதல் அங்கே எக்ஸ்டென்ஷன்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐபோனில் சஃபாரியே போதும். யாரென்று தெரியக்கூடாது என்பதுதான் தேவை என்றால் டோர் பிரவுசர். அதன் ஜன்னலைப் பெரிதாக்காமல், எக்ஸ்டென்ஷன் சேர்க்காமல் பயன்படுத்துங்கள், தனித்துத் தெரியாமல் இருப்பதில்தான் அதன் பலம்.

மாறும்போது பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்தால் சிஎஸ்வி கோப்பு ஒன்று உருவாகும். அதில் ஒரு பூட்டும் கிடையாது. நோட்பேடில் திறந்தால் எல்லாப் பாஸ்வேர்டும் வரிசையாகத் தெரியும். புதிய பிரவுசரில் இறக்கியதும் நான்கைந்து தளங்களில் நுழைந்து பார்த்துவிட்டு, கோப்பை ஷிஃப்ட் அழுத்தியபடி டிலீட் செய்யுங்கள். பழைய பிரவுசரில் உள்ளவற்றை அழிக்கும் முன் சிங்க்கை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஃபோனில் உள்ளவையும் சேர்ந்து அழியும். கோப்பை டெஸ்க்டாப்பில் சேமித்திருந்தால் ஒன்டிரைவ் அதற்குள் ஒரு நகலை மேலே ஏற்றியிருக்கக்கூடும். அந்தத் தளத்தில் நுழைந்து அங்குள்ள ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும், தனிநபர் கணக்கில் அது 30 நாள் அப்படியே கிடக்கும்.